அத்தியாயம் 11: பச்சை ஸ்டிக்கர்

காலை ஏழு மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்.

ஜன்னலோர நாற்காலியில் அப்பா, இடது கையை மேசைமேல் நீட்டியபடி. அவருக்குப் பக்கத்து முக்காலியில் அம்மா, மடியில் நீல நோட்டு, காதிடுக்கில் பேனா. எதிரே சோபாவின் விளிம்பில், எந்த நிமிஷமும் எழுந்து போய்விடுகிறவனைப் போல அண்ணன். தையல் மெஷின் ஸ்டூலில், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அண்ணி. வாசல் நிலையில் சாய்ந்து, செருப்புக்குள் ஒரு காலை நுழைத்தபடி சின்னவள்.

ஆறாவதாக ஒன்றும் அங்கே இருந்தது. மேசை நடுவில், பிரஷர் பார்க்கும் கருவி. மூன்று மாதமாக அந்த வீட்டில் அதன் வாக்குத்தான் வாக்கு. அதன் நீலப் பட்டையில் ஒரு பச்சை ஸ்டிக்கர். 'சரிபார்க்கப்பட்டது' என்று அச்சடித்திருந்த அந்த ஸ்டிக்கரில், கீழே சின்னவளின் சுருக்கக் கையெழுத்து.

"நூத்தி அறுபத்திரண்டு," என்றாள் அம்மா.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

போன வாரம் குளியலறையில் நடந்ததை இங்கே நினைவூட்ட வேண்டும். அப்பா விழுந்தார். விழுந்தார் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும்; "சும்மா உக்காந்தேன்" என்பார். முப்பத்தெட்டு வருடம் ரொட்டிக் கடையில் கையாலேயே மாவு பிசைந்தவர். கடையில் அவருக்கு 'மலை' என்றுதான் பெயர். அந்த மலை எழுந்து நின்றதும் தலை சுற்றி, வாளியைப் பிடித்துக்கொண்டு தரையில் 'உட்கார்ந்தது'. நேற்று டாக்டரிடம் சொன்னபோது, "பிரஷர் ஏறினா தலை சுத்தத்தான் செய்யும்" என்று மூன்றாவதாக ஒரு மஞ்சள் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். முதலில் வெள்ளை. பத்து நாளாக இளஞ்சிவப்பு. இன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மஞ்சள் தொடங்க வேண்டும். பிரஷர் இறங்கும்வரை அடுப்படிப் பக்கம் வர வேண்டாம் என்று ரொட்டிக் கடை முதலாளியும் சொல்லி அனுப்பிவிட்டார்.

"ரெண்டு மாத்திரை உள்ள போகுது. உப்பைக் குறைச்சாச்சு. அப்புறம் எப்படி நூத்தி அறுபத்திரண்டு?" அண்ணன் ஆரம்பித்தான். "உள்ள போகலைன்னு அர்த்தம்."

"என்னடா சொல்ற?" என்றார் அப்பா.

"வாயில போட்டுக்கறீங்க. முழுங்கறீங்களான்னு யாருக்குத் தெரியும்?"

"நான் என்ன சின்னப் பிள்ளையா, நாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சுத் துப்ப?"

"பின்ன உப்பு எங்கிருந்தோ வருது," என்றாள் அம்மா, நோட்டை மூடாமல். அவள் அண்ணியின் முதுகைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே பார்த்த மாதிரி இருந்தது.

தையல் மெஷின் நின்றது.

"அத்தை, நேராவே சொல்லிடுங்க. நான்தான் கை நிறைய அள்ளிப் போடறேன்னு."

"நான் யாரையும் சொல்லலை."

"சொல்லாமலே சொல்றதுதான் உங்களுக்குக் கை வந்த கலையாச்சே."

சின்னவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவள் வேலை செய்வது அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் சோதனைக்கூடத்தில். தராசு, வெப்பமானி, அழுத்தமானி என்று நாள் முழுக்க எண்களோடுதான் சகவாசம். எண் பிசகினால் எங்கே தவறு என்று தேடலாம். இங்கே எண் பிசகவில்லை, ஆட்கள்தான் பிசகுகிறார்கள். மூன்று மாதத்தில் இந்த வீட்டில் எல்லாரும் எல்லாரையும் வேவு பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அம்மா உப்பு டப்பாவில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். அண்ணன் அப்பாவின் சட்டைப் பையை மோந்து பார்த்தான், பீடி வாசனை வருகிறதா என்று.

"மாத்திரை அட்டையை எண்ணிப் பாத்துடலாமே," என்றாள் சின்னவள். "முழுங்கலைன்னா மிச்சம் இருக்குமில்ல?"

"அதெல்லாம் வேண்டாம்," என்று அண்ணன் சட்டென்று எழுந்தான். "அட்டையைப் பாத்தா என்ன தெரியும்? பிரிச்சுட்டுத் துப்பலாமே. நேரமாச்சு, ஏழாவது மாடியில லிப்ட் தொங்கிட்டு இருக்கு."

அம்மாவும் எழுந்தாள். மாத்திரை டப்பாவை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், யாருக்கும் எட்டாத இடத்தில் வைத்தாள்.

"டாக்டர் சொல்லிட்டார். இன்னிக்கு ராத்திரி மஞ்சள் மாத்திரை. பேச்சு முடிஞ்சது," என்றான் அண்ணன் வாசலில் நின்று. "நான் லிப்ட் கேபிளைப் பத்திச் சொன்னா யாராவது குறுக்கே பேசறாங்களா? அவங்கவங்க வேலை அவங்கவங்களுக்குத் தெரியும்."

"பார்க்குல என்கூட நடக்க வர்றவன் மாத்திரையை விட்டுட்டுப் பூண்டு திங்கச் சொல்றான்," என்றார் அப்பா. "அவனுக்கும் அவன் வேலை தெரியுமாம்."

"அவர் என்ன வேலை பாத்தாரு மாமா?" அண்ணி திரும்பாமலே கேட்டாள்.

"தபால் பெட்டிக்குப் பெயின்ட் அடிச்சான்."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா எழுந்தார். எழுந்தவர் நாற்காலியின் முதுகை ஒரு கணம் இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடித் திறந்தார். பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஜன்னலைச் சாத்தினார்.

அதைப் பார்த்தது சின்னவள் மட்டும்தான்.  இந்த மனிதர் இன்னொரு மாத்திரை தின்று, சுடும் அடுப்பு முன்னால் போய் நின்றால்?

அவள் கருவியைப் பட்டையோடு சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

•

சோதனைக்கூடத்தில் அவளுக்கு மூத்தவரை எல்லாரும் 'மறுபடி சார்' என்பார்கள். யார் எந்த எண்ணைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழுவது "மறுபடி" என்ற சொல்தான். அவர் கல்யாணத்தில் "சம்மதமா?" என்று கேட்டபோதும் அதையே சொன்னார் என்று அங்கே ஒரு கதை உண்டு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கருவியை அவர் மேசைமேல் வைத்தாள்.

"இதை நீ மூணு மாசம் முன்னாடியே பாத்து ஸ்டிக்கர் ஒட்டினியே?"

"இன்னொரு தடவை பாக்கணும் சார். இது தப்புக் காட்டுதுன்னு எனக்குச் சந்தேகம்."

உண்மையில் அது தப்புக் காட்ட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். தப்புக் காட்டினால் வீட்டில் யாரும் பொய்யர் இல்லை.

காற்றுக் குழாயைப் பொருத்தினார்கள். ஐம்பது கொடுத்தால் ஐம்பது. நூறுக்கு நூறு. நூற்றைம்பதுக்கு நூற்றைம்பத்தொன்று. இருநூறுக்கு இருநூறு. பிள்ளைப்பூச்சி போலச் சாதுவாக, கேட்டதற்கெல்லாம் சரியான பதில் சொன்னது கருவி.

சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ யாரோ பொய் சொல்றாங்க சார். கருவி சரி. டாக்டர் கருவியும் இதையேதான் காட்டுது. ரெண்டும் ஒண்ணு சொல்லுது."

"ரெண்டு பேர் ஒரே மாதிரி சொல்லிட்டா அது நிஜமாயிடுமா? ரெண்டு பேரும் ஒரே பாடத்தைப் படிச்சிட்டு வந்திருக்கலாம்." அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். "இந்தக் கருவியை நாம சோதிச்சது குழாயில. வீட்டுல எதுல வெச்சு அளக்கறீங்க?"

"அப்பா கையில."

"குழாய்க்குத்தானே நீ ஸ்டிக்கர் ஒட்டின? அப்பாவோட கைக்கு ஒட்டலையே. எப்படி அளக்கறீங்கன்னு ஆரம்பத்துல இருந்து சொல்லு. ஒண்ணையும் விடாதே."

சின்னவள் சொன்னாள். அப்பா நாற்காலியில் உட்காருவார். ஐந்து நிமிஷம் ஓய்வு. கையை மேசைமேல் வைப்பார், நெஞ்சு உயரத்துக்கு. அம்மா பட்டையைச் சுற்றுவாள். பொத்தானை அழுத்துவாள். காற்று ஏறும்போது அம்மா பட்டை முனையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். எண் வரும். நோட்டில்...

"மறுபடி."

"அப்பா நாற்காலியில..."

"அது இல்லை. அம்மா எதை அழுத்திப் பிடிக்கறாங்க?"

"பட்டை முனையை. இல்லாட்டி காத்து ஏறும்போது கர்ருனு பிரிஞ்சு..."

சொல்லிக்கொண்டிருந்தவள் நின்றாள்.

பட்டை ஏன் பிரிய வேண்டும்? ஒட்டும் பகுதி ஒரு சாண் நீளம் இருக்கிறதே. அப்பா கையில் இரண்டு விரல் அகலம்தானே ஒட்டுகிறது. மூன்று மாதமாக, காலையும் மாலையும் கண்ணெதிரே நடந்த காரியம். அம்மாவின் உள்ளங்கை அங்கே இருப்பது, விளக்குக்கு ஸ்விட்ச் இருப்பதுபோல, எல்லாருக்கும் பழகிப்போய்விட்டது.

டாக்டரின் நர்ஸ் அதையே முழங்கையால் செய்தது இப்போது ஞாபகம் வந்தது. "பெரிய கை சார் உங்களுக்கு," என்று சிரித்தபடி அழுத்திப் பிடித்தாள். அங்கேயும் சுவர்க் கொக்கியில் ஒரே ஒரு நீலப் பட்டைதான். அப்பாவுக்குக்கூட அந்தப் பாராட்டில் கொஞ்சம் பெருமை.

"பட்டைக்குன்னு ஒரு அளவு இருக்கும். அதுலயே போட்டிருப்பாங்க, பாரு," என்றார் மறுபடி சார்.

புரட்டிப் பார்த்தாள். எங்கும் இல்லை. அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பச்சை ஸ்டிக்கரை விரலால் தட்டினார்.

கருவியின் முகப்பில் இடம் இல்லை என்று அன்றைக்கு அதைப் பட்டையில் ஒட்டியவள் அவள்தான். நகத்தால் மெல்ல உரித்தாள். அடியில் சின்ன எழுத்தில் இருந்தது: கையின் சுற்றளவு 22 முதல் 32 செ.மீ. வரை.

காது சூடானது. உடனே அண்ணியை அழைத்தாள்.

"என்ன, உப்பு போடலைன்னு கையெழுத்துப் போட்டுத் தரணுமா?" என்றாள் அண்ணி எடுத்த எடுப்பில்.

"அண்ணி, அப்பாவுக்குச் சட்டை தைக்க அளவெடுத்தீங்கல்ல? மேல்கை எவ்வளவு?"

பக்கம் புரளும் சத்தம். அண்ணியின் அளவு நோட்டில் தெருவே இருக்கும்.

"பதினைஞ்சரை இஞ்சு. பக்கத்துல எழுதி வெச்சிருக்கேன் பாரு, 'மாமா, கை மட்டும் தனி மனுஷன்'னு. எதுக்கு?"

சின்னவள் மேசைமேல் விரலால் கணக்குப் போட்டாள். முப்பத்தொன்பது சென்டிமீட்டருக்கு மேல்.

"சின்னப் பட்டையைப் பெரிய கையில கட்டினா என்னாகும் சார்?"

"நிஜத்தைவிடக் கூடுதலாக் காட்டும். எவ்வளவுன்னு அளந்து பாத்தாதான் தெரியும்." அலமாரியிலிருந்து சோதனைக்கூடத்துக்குச் சொந்தமான கருவியை எடுத்தார், மூன்று அளவுப் பட்டைகளோடு. ஒரு சீட்டில் அவளிடம் கையெழுத்து வாங்கினார். "நாளைக்குக் காலைல இது இங்க இருக்கணும். இன்னொண்ணு. டாக்டர் தப்புன்னு முடிவு கட்டிட்டு வீட்டுக்குப் போகாதே. அதுவும் அளக்காம சொல்ற பேச்சுத்தான்."

அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். உரித்த ஸ்டிக்கர் கட்டைவிரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டிவிட மனசு வரவில்லை.

•

நாலு மணிக்கு அளக்க ஆரம்பித்தார்கள்.

"அஞ்சு நிமிஷம் பேசக்கூடாதுப்பா."

"நான் எங்க பேசறேன்? உங்கம்மாதான்..."

"அப்பா."

"சரி. சரின்னு சொல்றதும் பேச்சா?"

"ஆமா."

அப்பா வாயை மூடிக்கொண்டு, பேசுவதற்குப் பதிலாகப் புருவத்தை ஏற்றி இறக்கினார். அண்ணி இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி வந்து நின்றாள். காலையில் திரும்பிப் பார்க்காதவள் இப்போது அத்தைக்குப் பக்கத்திலேயே நின்றாள். தீர்ப்பு வரும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே.

முதலில் பழைய பட்டை. அம்மா வழக்கம்போல உள்ளங்கையை வைக்கப் போனாள். பிறகு தன் கையையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு வைத்தாள். நூற்று அறுபது. நூற்று ஐம்பத்தெட்டு. நூற்று அறுபத்திரண்டு.

அடுத்து பெரிய பட்டை. கையைச் சுற்றி வந்து பக்கவாட்டில் தாராளமாக ஒட்டிக்கொண்டது. யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் கை வேலையில்லாமல் மடியில் கிடந்தது.

நூற்று முப்பத்தாறு.

"மறுபடி," என்றாள் சின்னவள். அந்தச் சொல் தன் வாயில் வந்ததைக் கேட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது.

நூற்று முப்பத்து நாலு. நூற்று முப்பத்தைந்து.

அண்ணி உள்ளே போய் உப்பு டப்பாவை எடுத்து வந்தாள். அம்மாவின் பென்சில் கோட்டைப் புடவைத் தலைப்பால் அழித்தாள். டப்பாவை மேசையில் வைத்துவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள்.

"நான் யாரையும் சொல்லலையே," என்றாள் அம்மா. காலையில் இருந்த உறுதி அந்தக் குரலில் இல்லை.

"இப்ப எழுந்து நில்லுங்கப்பா. மேசையைப் பிடிச்சுக்குங்க."

ஒரு நிமிஷம் நிற்கவைத்து அளந்தாள். நூற்று எட்டு.

அப்பாவின் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. "ஒண்ணுமில்லம்மாடி. சும்மா கொஞ்சம் மங்கலா..."

உட்காரவைத்தாள். தலை சுற்றியது பிரஷர் ஏறியதால் இல்லையோ? எழுந்து நிற்கும்போது இறங்குவதால்தானோ? இருக்கிற மாத்திரையே கூடுதலோ? அவளுக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: எல்லாரும் நம்பிய எண் ஒரு சின்னப் பட்டையின் எண். அந்தப் பட்டையின் அளவை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டியவள் அவள்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தான். கையெல்லாம் கிரீஸ். சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே நின்றான்.

"சரிபாத்து ஸ்டிக்கர் ஒட்டினது யாரு?"

"நான்தான்."

"இப்ப அது தப்புன்னு சொல்றது யாரு?"

"நான்தான்."

"அப்போ இப்ப சொல்றதை மட்டும் எப்படி நம்பறது?"

சுருக்கென்று குத்தியது. ஆனால் கேள்வியில் தப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"நம்பாதேண்ணா. நம்பச் சொல்லலை. டாக்டரையே சரியான பட்டையில அளந்து பாக்கச் சொல்லப் போறேன்."

அண்ணன் தலையைச் சொறிந்தான். கிரீஸ் நெற்றிக்கு ஏறியது. இத்தனை நாள் டாக்டரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியவன் ஒரே நொடியில் அந்தப் பக்கம் போனான். "அப்படின்னா எல்லாமே ஏமாத்து வேலையா? தூக்கிக் குப்பையில போடு மூணு மாத்திரையையும்!"

"அப்படிப் போடு!" என்றார் அப்பா. மூன்று மாதத்தில் மகன் சொன்னதை அவர் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"யாரும் எதையும் போடக் கூடாது. மாத்திரை இல்லாம எவ்வளவு இருக்கும்னு நமக்குத் தெரியுமா? நூத்தி முப்பத்தஞ்சு மாத்திரையாலதான் வந்திருக்கோ என்னவோ. நான் பாத்தது பட்டையை. மாத்திரையைப் பாக்க வேண்டியவர் டாக்டர்."

"அவர்தான் பாத்து மஞ்சளை எழுதிட்டாரே!"

"தப்பான எண்ணைக் கொடுத்தா யாரா இருந்தாலும் அதைத்தான் எழுதுவாங்க."

அண்ணி நூலைப் பல்லால் கடித்தாள். "அந்த ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக் கோட்டு தைக்கறவ நான். அதுக்குள்ள இருக்கறவங்க எனக்கு முப்பத்தெட்டு இஞ்சு, நாப்பது இஞ்சு, அவ்வளவுதான். பயப்படவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். கேட்டா பதில் சொல்லுவாங்க."

கேட்பதுதான் பாடாக இருந்தது. சின்னவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். டாக்டர் போனில் பேசமாட்டார் என்றார்கள். ஆறு மணிக்கு வருவார், ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார், இன்றைக்கு டோக்கன் முடிந்தது. அவசரம் என்றால் எழுதி அனுப்பலாம், நர்ஸ் கொடுப்பார்.

எழுதி அனுப்பலாம் என்றதும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. டாக்டர் முன்னால் போனால் நாலு நிமிஷத்தில் நாக்கு குழறிவிடும். காகிதம் குழறாது.

•

அம்மாவின் நீல நோட்டிலிருந்து தாளைக் கிழிக்க அம்மா சம்மதிக்கவில்லை. அண்ணியின் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கங்களில்தான் எழுதினாள், ஒரு விஷயத்துக்கு ஓர் எண் போட்டு.

'மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு, வணக்கம். நேற்று தங்களிடம் வந்த, குளியலறையில் விழுந்த, ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவரின் மகள் எழுதுகிறேன்.'

"உக்காந்தேன்னு எழுது," என்றார் அப்பா.

"விழுந்தார்னுதான் எழுதியிருக்கேன்."

ஒன்று, கையின் சுற்றளவு. இரண்டு, பட்டையில் அச்சிட்டிருந்த அளவு. மூன்று, பழைய பட்டையில் வந்த எண்கள். நாலு, பெரிய பட்டையில் வந்தவை. ஐந்து, நிற்கவைத்து அளந்தது, அப்போது மங்கலாகத் தெரிந்தது. ஆறாவதை எழுதப் பேனா கொஞ்சம் தயங்கியது. 'வீட்டுக் கருவியைச் சரி என்று ஸ்டிக்கர் ஒட்டியவள் நான். பட்டையின் அளவைப் பார்க்காமல் அதன் மேலேயே ஒட்டிவிட்டேன். எங்கள் நோட்டில் உள்ள மூன்று மாதத்து எண்கள் அனைத்தும் அந்தத் தவறோடு வந்தவை.' ஏழு: 'தங்களிடம் உள்ள பட்டையும் அதே அளவோ என்று சந்தேகம். தயவுசெய்து பெரிய பட்டையில், உட்காரவைத்தும் நிற்கவைத்தும் அளந்து பார்க்க வேண்டும். மாத்திரை எதையும் நாங்களாக நிறுத்தவில்லை. இன்று இரவு மஞ்சள் மாத்திரையைக் கொடுக்கலாமா, வெள்ளையையும் இளஞ்சிவப்பையும் அப்படியே தொடரலாமா என்று இதன் அடியில் எழுதி அனுப்பவும்.'

ஏழு விஷயம் போதும் என்றுதான் நினைத்தாள். ஆனால் எந்த நாளிலிருந்து எத்தனை மாத்திரை என்று கேட்டால்? சரியாகச் சொல்ல வேண்டுமே என்று ஸ்டூலில் ஏறி, அலமாரி மேல்தட்டிலிருந்து டப்பாவை இறக்கினாள்.

இளஞ்சிவப்பு அட்டையில் பதினைந்து. பத்து நாளாகத் தினம் காலையில் ஒன்று. ஐந்து மிச்சம் இருக்க வேண்டும்.

எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

இரண்டுதான் இருந்தன.

அப்பா துப்பியிருந்தால்கூட அட்டை இப்படிக் குறையாது. தினம் ஒன்றுதானே பிரியும்? இங்கே மூன்று கூடுதலாகப் பிரிந்திருக்கிறது. யாரோ, எப்போதோ, ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்திருக்கிறார்கள். அல்லது யாரோ எடுத்திருக்கிறார்கள். எண் குறையவில்லையே என்ற பயத்தில் செய்திருக்கலாம். எந்த எண்? அவள் ஸ்டிக்கர் ஒட்டிய எண்.

யாரிடமும் சொல்லாமல் வந்து உட்கார்ந்தாள். எட்டு என்று போட்டு எழுதினாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, ஒன்றிலிருந்து படித்தாள்.

ஆறாவதைப் படித்தபோது அண்ணன் முதல் தடவையாக அவளை மரியாதையாகப் பார்த்தான். ஏழாவதுக்கு அப்பா தலையாட்டினார்.

"எட்டு. பத்து நாளில் பத்து போக வேண்டிய இளஞ்சிவப்பு மாத்திரை, பதிமூன்று போயிருக்கிறது. மூன்று எப்படிப் போனது என்று தெரியவில்லை."

"அதை எழுத வேண்டாம்."

சொன்னது ஒரு குரல் இல்லை. இரண்டு. அம்மாவும் அண்ணனும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் திகைத்துப் பார்த்தார்கள். அம்மாவின் கை நீல நோட்டின் மேல் போய் அழுத்தி உட்கார்ந்தது, பட்டையைப் பிடிப்பதுபோல. அண்ணன் விரலிலிருந்த கிரீஸைக் கால்சட்டையில் துடைக்க ஆரம்பித்தான்; துடைத்த இடத்தையே துடைத்தான்.

அப்பா இருவரையும் பார்த்தார். பிறகு தன் பெரிய கைகளைப் பார்த்தார்.

"ஏன் எழுத வேண்டாம்?" சின்னவள் மெதுவாகக் கேட்டாள்.

"வெளி மனுஷருக்கு எதுக்கு வீட்டு விஷயம்?" என்றாள் அம்மா.

"நான் வேணா கொண்டுபோய்க் கொடுக்கறேன்," என்றான் அண்ணன். "வழியில யோசிச்சு, தேவைன்னா வாயால சொல்லிக்கலாம்."

மணி ஐந்தே முக்கால்.

"எட்டை எடுத்துட்டா மீதி ஏழும் வீண். நிக்கும்போது பிரஷர் இறங்கினது ஒரு மாத்திரையாலயா, ரெண்டாலயான்னு டாக்டருக்குத் தெரிய வேண்டாமா?" என்றாள் சின்னவள். "தெரியாம அனுப்பினா இந்தக் கடுதாசியும் இன்னொரு பச்சை ஸ்டிக்கர்தான். நல்லா ஒட்டியிருக்கும். அடியில என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது."

 அண்ணி தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

தாள்களை மடித்தாள். உறைக்குள் போட்டாள். பசை போதாமல் உறையின் வாய் திறந்துகொண்டது. மதியம் உரித்து வைத்திருந்த பச்சை ஸ்டிக்கரை எடுத்தாள். 'சரிபார்க்கப்பட்டது' என்ற சொல்லைப் பேனாவால் அடித்தாள். கையெழுத்தை மட்டும் விட்டு, உறையின் வாயில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

அண்ணன் கையை நீட்டினான். அவள் உறையை அவனைத் தாண்டி அண்ணியிடம் கொடுத்தாள்.

அண்ணி அதை, ஆஸ்பத்திரிக்குத் தைத்து முடித்த வெள்ளைக் கோட்டுகளுக்கு நடுவே வைத்துப் பையைக் கட்டினாள். செருப்பை மாட்டினாள். தன் கணவன் முகத்தை ஒரு தடவை, அத்தை முகத்தை ஒரு தடவை, அளவெடுப்பதுபோல நிதானமாகப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் படியிறங்கிப் போனாள்.